முள் பூஜ்யத்தில் நிற்கிறது

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையை அடுப்பில் போடத் தோன்றும். போடுவதற்கு முன் ஒரு பக்கமாவது படித்துவிடு.

ஏப்ரல் விடுமுறைக்கு நாங்கள் மூன்று பேரும் உன் தீவுக்கு வரலாம் என்று இருக்கிறோம். யோசனை என்னுடையதல்ல, என் மகள் வாலுடையது. அவளுக்குப் பதின்மூன்று வயதாகிறது. நீ வைத்த பட்டப்பெயர் இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பள்ளியில் எரிமலைப் படம் வரையச் சொன்னார்களாம். பக்கத்தில் இருந்தவள், "உங்க அத்தை அங்கதானே விடுதி வச்சிருக்காங்க, நீ ஏன் போனதே இல்ல?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, "அப்பா, உனக்கு அத்தையோட சண்டையா, எரிமலையோட சண்டையா?" என்றாள். அவள் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் நான். அதில் முதல் முறை அத்தானின் சாவு. மற்ற இரண்டையும் மன்னித்தாலும் அதை நீ மன்னிக்கமாட்டாய். மன்னிக்கும்படி கேட்கவும் இல்லை. மூன்று பேருக்கு ஓர் அறை கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறேன்.

படகு இன்னும் வியாழன் காலை ஆறு மணிக்குத்தானா? மலை ஏற வாலுக்கு எந்த மாதிரிச் செருப்பு வேண்டும்? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தானும் நானும் கொல்லைப் பாறை வெடிப்பில் குழாய் இறக்கி, அந்த ஆவியைக் குளியலறைத் தொட்டிக்குக் கொண்டுபோனோமே, அது வேலை செய்கிறதா? ஆவியின் அழுத்தத்தைக் காட்ட அதில் நான் மாட்டிய பிரஷர் கேஜ் இருக்கிறதா?

உன் தம்பி


பிப்ரவரி 7

தம்பிக்கு,

அடுப்பில் போடவில்லை. உறை தடிமனாக இருந்தது. இந்தத் தடவை என்ன சாக்கு என்று பார்க்கும் ஆசை. சாக்கு இல்லாதது ஏமாற்றம்தான்.

வரலாம். இது விடுதி. பெயர் எழுதி ஒரு நாள் முன்னால் சொன்னால் யாருக்கும் இடம் உண்டு. கடலைப் பார்த்த மூன்றாம் அறையை ஒதுக்குகிறேன். அத்தானுக்குப் பிறகு படகுச் சீட்டு எழுதும் வேலையும் எனக்குத்தான் வந்தது, அதனால் உங்கள் மூன்று பேருக்கும் ஏப்ரல் பத்தாம் தேதி வியாழக்கிழமைப் படகில் நானே பெயர் எழுதிக்கொள்கிறேன். ஆறு மணிக்குப் புறப்பட்டால் பதினொன்றுக்கு இங்கே. படகோட்டி அதே மீசைக்காரர்தான். மீசை மட்டும் வெளுத்துவிட்டது. தீவின் ஒரே தொலைபேசி மழையில் போனது போனதுதான், எதுவானாலும் கடிதம் போடு.

மலைக்கு ரப்பர் செருப்பு ஆகாது. பாதி வழியில் அடிப்பகுதி இளகி ஒட்டும். கணுக்கால் மூடும் ஷூ, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், வாயில் கட்ட ஈரத்துணி. ஆட்டுக்காரர் வழி காட்டுவார். மலைக்கு இங்கே சுருட்டுக்காரன் என்று பெயர் என்று வாலிடம் சொல். நாள் முழுவதும் உச்சியில் உட்கார்ந்து புகை விடுவான், ஒரு வேலையும் செய்யமாட்டான். இந்தத் தீவில் அப்படி இன்னும் நாலைந்து பேர் உண்டு.

குழாயில் நீ மாட்டிய கடிகாரம் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக முள் இரண்டை விட்டு அசைந்ததில்லை. இந்த வாரம் என்னவோ மூன்றுக்கு வந்திருக்கிறது. அஞ்சாம் அறைக்காரர் குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்து, "அம்மா, தண்ணியில கால் வச்சா தோலு உரியுது" என்றார். "வெந்நீர் வேணும்னு கேட்டது நீங்கதானே" என்றேன். படகுத்துறைப் பக்கம் கடல் தண்ணீர்கூட வெதுவெதுப்பாக இருக்கிறது. விருந்தினருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, காலையில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஏறுகிறார்கள்.

அத்தான் இறந்த அன்று உன் ஆபீசுக்கு நான் போன் செய்தது உனக்குத் தெரியாது. "சார் வெளியூர் வேலைக்குப் போயிருக்காரும்மா" என்றார்கள். நீ காய்ச்சல் என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தப் போன் விஷயத்துக்கு எழுத்தில் பதில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நேரில் சொல்கிறேன்.

வீட்டில் இப்போதே மூட்டை கட்டியாகிறது. வாலின் அம்மா மூன்று தொப்பி வாங்கியிருக்கிறாள். என்னுடையது எனக்குச் சேரவில்லை என்பதில் அம்மாவும் மகளும் ஒற்றுமை. வால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளாக எழுதி வைத்திருக்கிறாள். முதல் கேள்வி: சுருட்டுக்காரன் தூங்கும்போதும் புகை விடுவானா?

என்னிடமும் ஒன்று உண்டு. கேஜ் ஏன் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனது? மழை கூடுதலா? வருடத்துக்கு ஒரு முறை மலையைப் பார்க்க வரும் அதிகாரி வந்துபோனாரா? தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. பாய்லர் சோதிக்கிறவன் வீட்டில் பால் பொங்கினாலும் எட்டிப் பார்ப்பான்.

குழாயின் தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு வைத்திருக்கிறேன். முள் நாலைத் தாண்டினால் அது தானாகத் திறந்து சீறும். காது வலிக்கும், ஆனால் சீறட்டும். சத்தம் பொறுக்காமல் யாராவது கல் வைப்பதோ கம்பி கட்டுவதோ கூடாது. இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

உன் தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

போன வாரம் எழுத முடியவில்லை. உன் வால்வு எழுதவிடவில்லை. நாலு நாள் விடாமல் சீறியது. விருந்தினர் சாப்பாட்டு மேஜையில் சைகையில் உப்புக் கேட்டார்கள். தச்சர் வந்து பார்த்துவிட்டு, "ஒரு கல்லத் தூக்கி வச்சா வாய மூடிக்கும்க்கா" என்றார். "என் தம்பி பேச்சக் கேக்க வேண்டிய ஒரே விஷயம் இதுதான். கல்லோட வந்தா உங்க மண்டையில வைப்பேன்" என்றேன். போய்விட்டார்.

அந்த அதிகாரி ஜனவரியிலேயே வந்தார். படகுத்துறையிலிருந்தே மலையைப் பார்த்து எழுதிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நல்ல செய்தி: செவ்வாய்க்கிழமை எல்லாம் அடங்கிவிட்டது. காலையில் எழுந்தேன், சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் உன் கடிகார முள் பூஜ்யத்தில் நிற்கிறது. வால்வைத் தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. வெந்நீருக்கு இனி விறகுதான், பரவாயில்லை. அதைவிட ஆச்சரியம், அன்றைக்கே சுருட்டுக்காரனும் சுருட்டை விட்டுவிட்டான். உச்சியில் ஒரு நூல் புகை இல்லை. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்தாறு வருடத்தில் மலையின் தலையை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை, வழுக்கை. விருந்தினர் போட்டோ எடுத்துத் தள்ளுகிறார்கள். கந்தக நாற்றமும் போய்விட்டது. வால் படத்தில் புகை வரைந்திருந்தால் அழிக்கச் சொல்.

ஆட்டுக்காரர் மட்டும் முணுமுணுக்கிறார். ஆடுகள் பாதி மலைக்கு மேல் ஏற மாட்டேன் என்று நிற்கின்றனவாம். "தரை சுடுதுக்கா" என்கிறார். ஆடு ஏறாவிட்டால் அவருக்கும் ஏறும் வேலை இல்லை, அதனால் ஆட்டின் சாட்சியை நான் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஜன்னலுக்குப் புதுத் திரை. காலண்டரில் ஏப்ரல் பத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். நான் இப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன், இந்தத் தடவை வராமல் இருந்துவிடாதே.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

நீ இந்த விடுமுறைக்காக அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறாய். நான் எழுதப்போவது உனக்கு நாலாவது சாக்காகத்தான் படும். அப்படிப் பட்டாலும் கடைசி வரி வரை படி.

குளியலறைப் பக்கம் யாரையும் விடாதே. எல்லாரையும் கூட்டிக்கொண்டு தீவை விட்டு இறங்கு. ஏப்ரலில் இல்லை, இந்த வாரம்.

குக்கரை நினைத்துக்கொள். விசில் அடிக்கும்வரை பயமில்லை. அடுப்பு எரியும்போதே விசில் நின்றுபோனால்தான் விலகி நிற்க வேண்டும். முள் பூஜ்யத்துக்கு வந்தால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று, உள்ளே இருப்பது முள்ளுக்கு வந்து சேரவில்லை, வழியில் அடைத்துக்கொண்டிருக்கிறது. கொல்லைக் குழாய் மட்டும் அடங்கியிருந்தால் குழாயில்தான் அடைப்பு என்று விட்டுவிடுவேன். மலையும் அதே நாளில் அடங்கியிருக்கிறது. மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அடைத்துக்கொண்ட பாய்லரைப் பற்றித் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சாயப்பட்டறைக்குச் சோதனைக்குப் போனேன். திங்கட்கிழமை. நெருப்புப் போடுகிறவர், "நேத்தே அணைச்சாச்சு சார், ஆறிப்போச்சு" என்றார். கேஜைப் பார்த்தேன், பூஜ்யம். கையெழுத்துப் போட்டேன். கேஜுக்குப் போகும் சின்னக் குழாய் உப்புப் படிந்து அடைத்திருந்தது. அடியில் தணல் இருந்தது. அந்தச் சின்னக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் ஊதிப் பார்க்கவில்லை. மறுநாள் மதியம் வெடித்தது. மூன்று பேர் பாய்லர் அறைச் சுவரில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரணையில் சாதனக் கோளாறு என்று முடித்தார்கள். சாதனத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அதற்கு மறுநாள்தான் அத்தான் போனார். நான் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உன்னிடம் என்ன சொல்வது? காய்ச்சல் என்று சொன்னேன். அப்புறம் இரண்டு தடவை மூட்டை கட்டினேன். உன் வீட்டில் என் கையால் மாட்டிய கேஜ் இருக்கிறது, அதன் முகத்தில் விழிக்க வேண்டும் என்று நினைத்ததும் கால் வரவில்லை.

நம்பாவிட்டாலும் இரண்டு காரியம் செய். கிணற்றில் கயிறு விட்டு அளந்து பார். சமையலறைப் பின்படியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார். கிணறு இறங்கியிருந்தால், படி சுட்டால், அடியில் தணல் என்று அர்த்தம்.

நாளைக் காலை சரக்குப் படகு வருகிறது. ஆள் ஏற்றமாட்டார்களாம், கெஞ்சிப் பார்த்துவிட்டேன். கடிதத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். வியாழக்கிழமைப் படகில் நான் வருகிறேன், தனியாக. சாக்குச் சொல்கிறவன் வரமாட்டான் இல்லையா. என்னிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

நீ சாமர்த்தியசாலி. காய்ச்சல், பிள்ளைக்குப் பரீட்சை, லீவு கிடைக்கவில்லை எல்லாம் தீர்ந்துபோய், இந்தத் தடவை ஒரு மலையையே சாக்காகத் தூக்கி வந்திருக்கிறாய். வர இஷ்டமில்லை என்றால் ஒரு வரி போதாதா? விடுதி நிறைய ஆள் இருக்கிறார்கள். தம்பியின் வெறும் பேச்சைக் கேட்டு, "எந்திரிங்க, போலாம்" என்று சொன்னால் என்னை என்ன நினைப்பார்கள்? பொய் சொன்ன வாய்க்கு

பிப்ரவரி 25, காலை

மேலே எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். நேற்று அப்படித்தான் நினைத்தேன்.

விடிந்ததும் கிணற்றுக்குப் போனேன். எப்போதும் இரு கை விரிக்கும் அளவில் பன்னிரண்டு பாகம் கயிறு போதும். பதினாறு பாகம் விட்டேன். வாளி தண்ணீரைத் தொடாமல் அடித்தரையில் தட்டியது. பின்படியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். கீழ்ப்படிக்கு வழிவதற்குள் காய்ந்துவிட்டது. இன்னும் வெயில் வரவில்லை. ஆட்டுக்காரரிடம் போய், உங்கள் ஆடுகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தீவில் விருந்தினரோடு சேர்த்து எண்பத்து நாலு பேர். சரக்குப் படகுக்காரரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். கைக்குழந்தைக்காரிகள் மூன்று பேரைப் பிள்ளைகளோடு ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். இந்தக் கடிதம் அவர்களில் ஒருத்தியின் மடியில் வருகிறது. மீதி எழுபத்தெட்டு. மீசைக்காரரின் படகில் நாற்பதுக்கு மேல் ஏற்றினால் கவிழும். இரண்டு நடை வேண்டும். வியாழன் வரை காத்திருக்காமல் நாளைக்கே காலியாகப் படகை எடுக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல், அவர் வருவார்.

நீ வராதே. கோபத்தில் சொல்லவில்லை, கணக்கைப் பார். நீ ஏறி வந்தால் திரும்பும்போது ஓர் இடத்தில் நீ உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு நான் யாரை நிறுத்தி வைப்பது? மூன்று தடவை வரவில்லை என்று உன்னைத் திட்டினேன். இந்தத் தடவை வராமல் இரு.

அக்கா


பிப்ரவரி 26, துறையில், பன்னிரண்டு மணி

தம்பி,

நாற்பது பேரை ஏற்றிவிட்டேன். விருந்தினர் எல்லாரும், பிறகு பிள்ளைகள் உள்ள வீடுகள். அஞ்சாம் அறைக்காரர் பெட்டியோடு ஏறப் பார்த்தார். "பெட்டிக்குச் சீட்டு எழுதலங்க" என்றேன். பெட்டி இங்கே இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு யாரும் போகவில்லை. துறையில் பாய் விரித்துக்கொண்டிருக்கிறோம். நடுநடுவே தரை நடுங்குகிறது, உட்கார்ந்திருக்கும் மாட்டின் தோல் சிலிர்ப்பதுபோல. மலை மொட்டையாக, அமைதியாகத்தான் இருக்கிறது. முன்பு அழகாகத் தெரிந்தது. இப்போது யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. முள் என்ன காட்டுகிறது என்று நீ கேட்பாய். தெரியாது.

உனக்கு ஒரு வேலை. இதோடு இரண்டாம் நடைப் பட்டியல் வைத்திருக்கிறேன், முப்பத்தெட்டுப் பெயர். நாளை மாலை ஐந்து மணிக்கு அங்கே உங்கள் துறையில் நின்று, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணு. எண்ணி முடிக்காமல் வீட்டுக்குப் போகாதே. சீட்டு எழுதுகிறவள் கடைசியில்தான் ஏற வேண்டும் என்பது அத்தான் காலத்து ஏற்பாடு. அதனால் முப்பத்தெட்டாவது நான்.

அந்த மூன்று பேரைப் பற்றி. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன். நாலு நாள் பேசாமலும் இருந்திருப்பேன். ஆனால் சாவு வீட்டில் ஒரு மூலையில் நீ உட்கார்ந்திருப்பாய், ஒருவாய்ச் சோறு போட்டிருப்பேன். நாலு வருடம் போயிருக்காது. மீசைக்காரர் அவசரப்படுத்துகிறார்.

அக்கா


பிப்ரவரி 27, மாலை

அக்கா,

இந்தக் கடிதத்தை அனுப்பப்போவதில்லை. கையில் கொடுப்பேன்.

நேற்று மாலை வந்த நாற்பது பேரையும் எண்ணினேன். சரியாக இருந்தது. இன்று விடியற்காலை படகு காலியாகப் புறப்பட்டபோது கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். ஒரு கால் படகில் இருந்தது. மீசைக்காரர் என்னைப் பார்த்தார். "ஏறுறதுன்னா ஏறுங்க தம்பி. உங்க அக்காகிட்ட பதில் நீங்க சொல்லிக்கிடுங்க" என்றார். காலை எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் உன் பேச்சைக் கேட்டு வராமல் இருந்தது இது ஒரு தடவைதான்.

மலையைப் பார்க்கும் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு இரண்டாம் தடவையாகப் போனேன். குமாஸ்தா என் மனுவைக் கோப்பில் வைத்துவிட்டார். "அடுத்த மாசப் பயணத்துல அந்தத் தீவு இருக்கு சார்" என்றார். திரும்பி வந்து மீன் ஏலக் கொட்டகையின் படியில் உட்கார்ந்தேன். மதியம் ஒன்றேகால் மணிக்கு ஒரு சத்தம். மேல்மாடியில் யாரோ இரும்பு பீரோவை இழுப்பதுபோல, ஒரே ஒரு தடவை. ஏலம் போட்டவர் ஒரு நொடி நிறுத்தி, "இடியா?" என்றார். வானத்தில் மேகம் இல்லை. மறுபடி விலை சொல்ல ஆரம்பித்தார். பன்னிரண்டு மணிக்குப் படகு அங்கே புறப்பட்டிருந்தால் அப்போது ஒன்றேகால் மணி நேரத் தூரம் வந்திருக்கும். புறப்பட்டிருந்தால்.

மூன்று மணிக்குத் தென்கிழக்கில் வானம் பழுப்பானது. நாலு மணிக்கு வாலும் அவள் அம்மாவும் வந்தார்கள். வால் என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை வாங்கிப் படித்தாள். தச்சர், தச்சர் மனைவி, தபால்காரர், ஆட்டுக்காரர் என்று விரல் வைத்துக்கொண்டு கடைசி வரை போனாள். கடைசிப் பெயரில் விரலை எடுக்காமல் வைத்திருந்தாள்.

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. இந்தத் தாளில் ஏதோ உதிர்கிறது, மாவு மாதிரி. தட்டினால் கோடாக இழுக்கிறது.

இப்போது ஐந்து ஐம்பது. வால் எழுந்து நிற்கிறாள். படகு தெரிகிறது. காலையில் வெள்ளையாகப் போன படகு சாம்பல் நிறத்தில் வருகிறது. ஆட்களும் அதே நிறம்தான். முகம் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாரம் இருக்கிறது, பக்கவாட்டுக் கோடு தண்ணீருக்குள் போயிருக்கிறது. முப்பத்தெட்டுப் பேர் பாரமா, முப்பத்தேழா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பார்த்த மாத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை நான் விட்டு நாலு வருடமாகிறது.

கயிறு வீசுகிறார்கள். பேனாவை மூடுகிறேன். ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.